எல்ஜின் பிரபுவும் பத்தாண்டு உடன்படிக்கையும்

கனடாவின் மொன்றியல் நகருக்கு எதிரே, செயின்ட் லோரன்ஸ் நதியின் தென்கரையில் அமைந்துள்ள லொங்குய்ய், இன்று விமான இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். 2019ஆம் ஆண்டு சென்னைக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் இடையே விமான சேவை மீண்டும் தொடங்கியபோது வந்திறங்கிய ஏடிஆர் ரக விமானத்தைச் செலுத்தியவை, இந்த நகரைத் தலைமையகமாகக் கொண்ட பிராட் அண்ட் விட்னி கனடா நிறுவனத்தின் இயந்திரங்கள். அந்த நிறுவனத்தின் உரிமையோ அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றிடம் இருக்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்து பாகங்கள் வருவதும், இங்கிருந்து இயந்திரங்கள் போவதும் இத்தகைய தொழில்களின் இயல்பு.

எனவே 2025ஆம் ஆண்டில் அமெரிக்கா கனடிய உருக்கு, அலுமினியம் உள்ளிட்ட பொருட்கள் மீது கடும் இறக்குமதித் தீர்வைகளை விதித்தபோது, கியூபெக் மாகாணத்தின் தொழில் நகரங்களில் ஒரு கேள்வி எழுந்தது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய அண்டை நாட்டுடன் செய்துகொள்ளும் வர்த்தக உடன்படிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அது. சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகளின் எதிர்காலம் குறித்து இன்று நடைபெறும் விவாதங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளன.

கேள்வி பழையது. லொங்குய்ய் ஒரு புகையிரத முனையமாக இருந்த காலத்திலேயே அது எழுந்துவிட்டது. அதற்கு முதன்முதலில் எழுத்து வடிவில் ஒரு விடை தேடித் தந்தவர் ஜேம்ஸ் புரூஸ், அதாவது எட்டாவது எல்ஜின் பிரபு. இந்திய வரலாற்றில் இவர் தர்மசாலாவில் உயிர்நீத்த வைஸ்ராய். சீனாவில் பேரரசரின் கோடைக்கால அரண்மனையை எரிக்க ஆணையிட்டவர். கனடாவிலோ மக்கள் பிரதிநிதிகளுக்குப் பொறுப்புக்கூறும் ஆட்சிக்கு வழிவிட்ட ஆளுநர். இந்த மூன்று நினைவுகளுக்கும் நடுவே, 1854ஆம் ஆண்டு அமெரிக்காவுடன் அவர் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை சற்றே மறைந்துபோயிருக்கிறது.

கடனோடு வந்த பட்டம்

1811 ஜூலை 20ஆம் தேதி லண்டனில் ஜேம்ஸ் புரூஸ் பிறந்தார். ஏதென்ஸ் நகரின் பார்த்தினன் கோயிலிலிருந்து பளிங்குச் சிற்பங்களைப் பெயர்த்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்த ஏழாவது எல்ஜின் பிரபுதான் இவரது தந்தை. அந்தச் சிற்பங்களைக் கொண்டுவரச் செலவிட்ட தொகையில் ஒரு பகுதியைத்தான் 1816இல் பிரிட்டிஷ் அரசு 35,000 பவுண்களாகத் திருப்பிக் கொடுத்தது. மகனுக்குப் பட்டத்தோடு சேர்ந்து கடனும் வந்தது. காலனிகளில் பதவி ஏற்றுக் கடல் கடந்து வாழ்வது அவருக்கு ஆசை மட்டுமல்ல, தேவையும் கூட.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருடன் ஒரே காலத்தில் படித்தவர்களில் பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனும், இந்தியாவை ஆண்ட டல்ஹௌசியும் கேனிங்கும் அடங்குவர். 1841இல் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், அதே ஆண்டு தந்தை இறந்ததால் பிரபுப் பட்டத்தை அடைந்து, மறு ஆண்டே ஜமைக்காவின் ஆளுநராக அனுப்பப்பட்டார்.

அடிமை முறை ஒழிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த ஜமைக்காவில், கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு ஆள் இல்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தனர். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 1845 மே மாதம் அந்தத் தீவை அடைந்தது எல்ஜினின் ஆட்சிக் காலத்தில்தான். அவரது முதல் மனைவி இறந்ததும் ஜமைக்காவிலேயே. 1846இல் அவர் தீவை விட்டுப் புறப்பட்டார். அதே ஆண்டில், காலனிச் சர்க்கரைக்கு பிரிட்டன் அளித்துவந்த தீர்வைச் சலுகையைப் படிப்படியாக நீக்கும் சட்டம் லண்டனில் நிறைவேறியது. தாய்நாட்டின் சலுகையை நம்பிக் கட்டப்பட்ட ஒரு பொருளாதாரம் எப்படித் தடுமாறும் என்பதை அவர் அருகிலிருந்து பார்த்திருந்தார். அடுத்துச் சென்ற இடத்தில் அதே கதை கோதுமையின் உருவில் காத்திருந்தது.

மொன்றியலில் ஒரு ஆளுநர்

1847 ஜனவரி இறுதியில் எல்ஜின் மொன்றியல் வந்து சேர்ந்தார். அப்போது கனடா மாகாணத்தின் தலைநகரம் அதுவே. சில வாரங்களுக்கு முன்னர்தான் அவர் இரண்டாவது திருமணம் செய்திருந்தார். மணமகள், கனடாவில் பொறுப்பாட்சி அமைக்கப் பரிந்துரைத்து 1839இல் புகழ்பெற்ற அறிக்கையைத் தந்த டர்ஹம் பிரபுவின் மகள். மாமனார் எழுதிவைத்ததை மருமகன் நடைமுறைப்படுத்தினார் என்று கனடியப் பாடநூல்கள் சொல்வதில் மிகை இல்லை.

வந்த முதல் கோடையிலேயே, பஞ்சத்திலிருந்து தப்பிய அயர்லாந்து மக்களைச் சுமந்த கப்பல்கள் டைபஸ் காய்ச்சலையும் சுமந்து வந்தன. மொன்றியலில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அத்துடன் வணிகமும் சரிந்தது. 1843ஆம் ஆண்டின் சட்டமொன்று, கனடாவில் அரைக்கப்பட்ட மாவுக்கு பிரிட்டிஷ் சந்தையில் மிகக் குறைந்த தீர்வையே விதித்தது. அமெரிக்கக் கோதுமையை வாங்கி, கனடாவில் அரைத்து, பிரிட்டனுக்கு அனுப்பினாலும் சலுகை உண்டு. அதை நம்பி ஆலைகள் எழுந்தன, கால்வாய்கள் வெட்டப்பட்டன. மூன்றே ஆண்டுகளில், 1846இல், பிரிட்டன் தானியச் சட்டங்களை நீக்கி எல்லா நாட்டுத் தானியத்துக்கும் கதவைத் திறந்தது. கனடிய மாவுக்கு இருந்த தனிச் சலுகை பொருளற்றுப் போனது.

தெற்கே அமெரிக்கச் சந்தை இருந்தது. ஆனால் அங்கே தீர்வைச் சுவர் உயர்ந்து நின்றது. தாய்நாடு கைவிட்டுவிட்டது, அண்டை நாடு ஏற்க மறுக்கிறது என்ற நிலையில் மொன்றியல் வணிகர்கள் ஆத்திரத்துடன் இருந்தார்கள்.

லொங்குய்யிலிருந்து கடலுக்கு

அந்த வணிகர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. செயின்ட் லோரன்ஸ் நதி குளிர்காலத்தில் உறைந்துவிடும். ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் மொன்றியல் துறைமுகம் உறங்கும். உறையாத கடல் துறைமுகம் ஒன்று அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், போர்ட்லாண்டில் இருந்தது. 1845 பெப்ரவரியில் ஜான் பூர் என்ற போர்ட்லாண்ட் வழக்கறிஞர், பனிப்புயலினூடே பனிச்சறுக்கு வண்டியில் மொன்றியல் வந்து, பாஸ்டன் நகரத்தோடு கைகோக்கவிருந்த வணிகர்களின் மனத்தை மாற்றினார். அதன் விளைவாகப் பிறந்ததே செயின்ட் லோரன்ஸ் அண்ட் அட்லாண்டிக் புகையிரதப் பாதை.

அதன் கனடிய முனையம் லொங்குய்ய். நதிக்குக் குறுக்கே பாலம் இல்லாத காலம் அது. மொன்றியல் சரக்கு படகில் லொங்குய்ய் வந்து அங்கே வண்டியேற வேண்டும். 1848 டிசம்பரில் லொங்குய்யிலிருந்து செயின்ட் ஹயாசின்த் வரை வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கப்பால் பாதை போடப் பணமில்லை. நீண்ட பாதைகளின் கடன்பத்திரங்களில் பாதிக்கு அரசே வட்டி உத்தரவாதம் அளிக்கும் சட்டம் எல்ஜினின் ஆட்சியில் 1849இல் நிறைவேறிய பின்னரே வேலை நகர்ந்தது. 1853 ஜூலையில் லொங்குய்யும் போர்ட்லாண்டும் இணைந்தன. நீளம் சுமார் 470 கிலோமீற்றர். இரு நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்துக்கு இரும்புப் பாதை தயாராக இருந்தது, தீர்வைதான் குறுக்கே நின்றது.

இந்தப் பாதையின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். இந்தியாவிலும் இலங்கையிலும் இன்றும் உள்ள அகலப் பாதையின் அளவு இதுவே. போர்ட்லாண்ட்காரர்கள் இதை விரும்பியதற்குக் காரணம் உண்டு. பாஸ்டனின் குறுகிய பாதையில் ஓடும் வண்டிகள் இந்தப் பாதையில் நுழைய முடியாது, சரக்கு தங்கள் துறைமுகத்தைத் தவிர வேறெங்கும் போகாது. தீர்வை இல்லாமலும் வர்த்தகத்துக்கு வேலி போடலாம் என்பதற்கு இது ஓர் ஆரம்பகால உதாரணம்.

முட்டையும் கல்லும்

1849 எல்ஜினின் வாழ்வில் மிகக் கடினமான ஆண்டு. 1837-38 கிளர்ச்சியின்போது சொத்து இழந்த கீழைக் கனடா மக்களுக்கு இழப்பீடு வழங்கும் மசோதா ஒன்றை மாகாண சட்டமன்றம் நிறைவேற்றியிருந்தது. அந்தக் கிளர்ச்சியின் முதல் மோதல்களில் ஒன்று, 1837 நவம்பரில், லொங்குய்யின் ஷாம்ப்ளி வீதியில் நடந்தது. படையினர் கொண்டுசென்ற கைதிகளை ஆயுதமேந்திய உள்ளூர்வாசிகள் மீட்டனர். இழப்பீடு கிளர்ச்சியாளர்களுக்கும் போய்ச்சேரும் என்று ஆங்கில வணிகர் தரப்பு கொதித்தது. எல்ஜின் தனிப்பட்ட முறையில் மசோதாவை விரும்பினாரா என்பது வேறு. பெரும்பான்மை பெற்ற அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்பதே தன் கடமை என்று முடிவு செய்து, ஏப்ரல் 25ஆம் தேதி ஒப்புதல் அளித்தார்.

வெளியே வந்த ஆளுநரின் வண்டி மீது அழுகிய முட்டைகள் வீசப்பட்டன. அன்றிரவே நாடாளுமன்றக் கட்டடம் எரிக்கப்பட்டது, நூலகம் சாம்பலானது. ஐந்து நாட்கள் கழித்து அவர் மீண்டும் நகருக்குள் வந்தபோது கற்கள் விழுந்தன. அவருடைய சகோதரர் தலையில் காயமடைந்தார். கூட்டத்தின் மீது சுட ஆணையிட எல்ஜின் மறுத்தார். இரத்தம் சிந்தினால் பின்னர் சமரசம் சாத்தியமில்லை என்பது அவர் கணிப்பு. மூன்று வாரங்களுக்குள், மே 16ஆம் தேதி, நகரின் புறத்தேயிருந்த ஆளுநர் மாளிகையில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். விக்டர் என்று பெயரிடப்பட்ட அந்தக் குழந்தை பற்றிப் பின்னர் பார்ப்போம்.

அக்டோபரில் அடுத்த அடி விழுந்தது. மொன்றியலின் முன்னணி வணிகர்கள் 300க்கும் மேற்பட்டோர், கனடா அமெரிக்காவுடன் இணைந்துவிட வேண்டும் என்று கோரும் பிரகடனத்தில் கையெழுத்திட்டனர். மதுவடிப்புத் தொழிலில் பெயர் பெற்ற மோல்சன் குடும்பத்தினரும், பின்னாளில் கனடாவின் பிரதமரான ஜான் அபட்டும், லொங்குய்ய் புகையிரதப் பாதையின் தலைவரான அலெக்சாண்டர் கால்ட்டும் அவர்களில் இருந்தார்கள். முடியாட்சிக்கு மிக விசுவாசமானவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள்தாம் இவர்கள்.

எல்ஜின் இதைத் தேசத்துரோகமாக மட்டும் பார்க்கவில்லை. பொருளாதாரத்தில் நேர்ந்த காயம் அரசியல் மொழியில் பேசுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். அமெரிக்கச் சந்தை திறந்துவிட்டால் இணைப்புக் கோரிக்கை தானே அடங்கிவிடும் என்று லண்டனுக்குத் தொடர்ந்து எழுதினார். அந்தச் சந்தையைத் திறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின.

வாஷிங்டனில் சில வாரங்கள்

அமெரிக்கத் தரப்பில் அவசரம் ஏதும் இருக்கவில்லை. கனடிய விளைபொருட்களுக்குத் தீர்வை விலக்கு அளிக்கும் மசோதாக்கள் அமெரிக்க காங்கிரஸில் பலமுறை தேங்கிப்போயின. நிலைமையை மாற்றியது மீன். அட்லாண்டிக் கரையோரக் காலனிகளின் கடற்பரப்பில் அமெரிக்க மீனவர்கள் மீன்பிடிப்பதைத் தடுக்க 1852இல் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. நியூ இங்கிலாந்து மாநிலங்கள் பதறின. பேரம் பேசுவதற்கு ஒரு பொருள் கனடாவின் கைக்கு வந்தது.

1854 மே மாதம் எல்ஜின் வாஷிங்டன் சென்றார். 1851இல் பாஸ்டனில் நடந்த புகையிரத விழாவிலேயே அமெரிக்கர்களிடம் நல்ல பெயர் வாங்கியிருந்தவர் அவர். ஜனாதிபதி பியர்ஸும், வெளியுறவுச் செயலர் மார்சியும் செனட் சபை சம்மதித்தால் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றனர். அதாவது வேலையை அவரிடமே விட்டுவிட்டனர். அடுத்த சில நாட்கள் விருந்துகளிலும் நடனங்களிலும் கழிந்தன. செனட்டர்களில் பலர் அடிமை முறையை ஆதரிக்கும் தென்மாநிலத்தவர் என்பதை எல்ஜின் கவனித்திருந்தார். ஜமைக்காவிலிருந்து வந்த முன்னாள் ஆளுநரான அவர் அவர்களிடம் எப்படிப் பழக வேண்டும் என்பதை அறிந்திருந்தார். உடன்படிக்கை சாம்பேன் மதுவில் மிதந்து கரைசேர்ந்ததாகப் பின்னர் கேலி பேசப்பட்டது.

ஆனால் மதுவைவிட அவர் வைத்த வாதமே பெரிது. அதே மே மாத இறுதியில்தான் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தாகி, அடிமை முறை பற்றிய பிளவு உச்சத்தில் இருந்தது. கனடா அமெரிக்காவுடன் இணைந்தால் அடிமை முறையற்ற மாநிலங்கள் கூடிவிடும் என்பது தென்மாநிலத்தவரின் அச்சம். தடையற்ற வர்த்தகம் கிடைத்தால் கனடியர்கள் செழித்து, இணைப்பை நாட மாட்டார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வடமாநிலங்களில் பலரோ இதற்கு நேர்மாறாக, வர்த்தகம் நெருங்கினால் கனடா தானாகவே மடியில் வந்து விழும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்க எல்ஜின் முற்படவில்லை.

1854 ஜூன் 5ஆம் தேதி பரஸ்பர வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தானியம், மாவு, கால்நடை, இறைச்சி, வெண்ணெய், மீன், மரம், நிலக்கரி ஆகியவை இரு புறமும் தீர்வையின்றிச் செல்லலாம். ஆலைப் பொருட்கள் பட்டியலில் இல்லை. அமெரிக்க மீனவர்களுக்குக் காலனிகளின் கரையோரக் கடல் திறக்கப்பட்டது, அமெரிக்கக் கப்பல்களுக்கு செயின்ட் லோரன்ஸ் நதியும் கால்வாய்களும் திறக்கப்பட்டன. காலம் பத்து ஆண்டுகள். அதன் பின்னர் எந்தத் தரப்பும் ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம்.

நோவா ஸ்கோஷியாவில், தங்களைக் கேளாமலே தங்கள் மீன்வளம் விட்டுக்கொடுக்கப்பட்டதாக மனக்குறை எழுந்தது. கச்சதீவு குறித்த 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை பற்றித் தமிழ்நாட்டில் நீடிக்கும் மனக்குறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. என்றாலும் அந்த மாகாணமும் இறுதியில் சம்மதித்தது. 1855 மார்ச்சில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது எல்ஜின் கனடாவை விட்டுப் புறப்பட்டிருந்தார். லொங்குய்யின் துறையில் சரக்கு குவிந்தது. இரு நாட்டு வர்த்தகம் வேகமாக வளர்ந்தது. அதில் எவ்வளவு உடன்படிக்கையால், எவ்வளவு புகையிரதத்தாலும் கிரிமியா போரினால் உயர்ந்த கோதுமை விலையாலும் என்பதில் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இன்னமும் உடன்படவில்லை.

பீரங்கியுடன் சென்ற தூதர்

கனடாவில் சுட மறுத்த அதே மனிதர் சீனாவில் செய்ததை எப்படி விளங்கிக்கொள்வது என்பது வரலாற்றாசிரியர்களைத் தொடர்ந்து உறுத்தும் கேள்வி. 1857இல் அவர் சீனாவுக்கான சிறப்புத் தூதராக அனுப்பப்பட்டார். வழியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்க் கிளர்ச்சியின் செய்தி கிடைத்தது. பழைய கல்லூரித் தோழர் கேனிங்கின் வேண்டுகோளை ஏற்று, சீனாவுக்கென வந்துகொண்டிருந்த படைகளைக் கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார். பின்னர் சீனா சென்று, 1857 டிசம்பரில் கன்டோன் நகர் மீது குண்டுவீச ஆணையிட்டார்.

1858இல் தியென்ட்சின் உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஷாங்காயில் முடிவான தீர்வை ஏற்பாடு பெரும்பாலான பொருட்களுக்கு ஐந்து சதவீதத் தீர்வையை நிர்ணயித்ததுடன், இந்தியாவில் விளைந்த அபினுக்கும் சட்டபூர்வ நுழைவை வழங்கியது. இடையில் ஜப்பானுடனும் ஒரு வர்த்தக உடன்படிக்கையை முடித்தார். 1860இல் இரண்டாவது முறையாகச் சீனா செல்லும் வழியில் அவர் பயணித்த மலபார் என்ற கப்பல் இலங்கையின் காலித் துறைமுகத்தில் மூழ்கியது. அவரும் பிரெஞ்சுத் தூதர் குரோவும் உயிர் தப்பினர், ஆவணங்களும் பயணப் பெட்டிகளும் நீரில் போயின. அவ்வாண்டு அக்டோபரில், சமாதானக் கொடியுடன் சென்று பிடிபட்டவர்களில் பலர் சிறையில் கொல்லப்பட்டதற்குப் பதிலடியாக, பீகிங் அருகேயிருந்த கோடைக்கால அரண்மனையை எரிக்க ஆணையிட்டார்.

மனைவிக்கு எழுதிய கடிதங்களில் சீனாவில் தான் செய்யும் வேலை குறித்து அவர் கசப்பையும் வெட்கத்தையும் வெளிப்படுத்தியிருக்கிறார். ஆனால் கசப்பு அவரது கையைத் தடுக்கவில்லை. வாஷிங்டனில் மறுதரப்பு வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும். ஆகவே அங்கே அவர் அவர்களுடைய தேவையை அறிந்து பேசினார். பீகிங்கில் அந்த உரிமை மறுதரப்புக்கு இருக்கவில்லை. இரண்டும் தாளில் வர்த்தக உடன்படிக்கைகளே. சீனர்கள் இரண்டாவது வகையைச் சமனற்ற உடன்படிக்கைகள் என்று அழைக்கிறார்கள். அந்தக் காலத்தின் நினைவு சீனாவின் வெளியுறவு அணுகுமுறையில் இன்றும் வெளிப்படுவதாக அவதானிகள் கருதுகின்றனர்.

தர்மசாலா

1862 மார்ச்சில் எல்ஜின் கேனிங்குக்குப் பின் இந்தியாவின் வைஸ்ராயானார். அந்நேரம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தென்மாநிலங்களின் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குக் கிடைக்காமல் போகவே இந்தியப் பருத்தியின் விலை ஏறியது. பம்பாய் வணிகர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினர். திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காட்டுப் பருத்திக்கும் நல்ல விலை கிடைத்தது. எங்கோ நடக்கும் போர் எங்கோ ஒரு விவசாயியின் கையில் காசாக விழுந்து, போர் முடிந்ததும் காணாமல் போனது.

எல்ஜினின் இந்தியப் பதவிக்காலம் குறுகியது. 1863 இலையுதிர் காலத்தில் இமயமலைப் பகுதியில் பயணம் செய்தபோது, சந்திரா நதியின் மீதிருந்த கயிற்றுப் பாலத்தைக் கடக்கும் சிரமத்தில் அவரது இதயம் பாதிக்கப்பட்டது. நவம்பர் 20ஆம் தேதி தர்மசாலாவில் காலமானார். வயது 52. அங்கே தேவதாரு மரங்களுக்கு நடுவே உள்ள தேவாலய வளாகத்தில் அவரது கல்லறை இருக்கிறது.

மொன்றியலில் பிறந்த மகன் விக்டர், ஒன்பதாவது எல்ஜின் பிரபுவாக 1894 முதல் 1899 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தார். வருவாய்க்காக இந்தியா விதித்த துணி இறக்குமதித் தீர்வையை லங்காஷயர் எதிர்த்தபோது, 1896இல் அத்தீர்வை மூன்றரை சதவீதமாக்கப்பட்டு, இந்திய ஆலைத் துணி மீதும் அதே மூன்றரை சதவீத உற்பத்தி வரி போடப்பட்டது. தந்தை கனடியர்களுக்குப் பெற்றுத்தர முயன்ற பேரம் பேசும் உரிமை, மகனின் ஆட்சியில் இந்திய ஆலைகளுக்கு இருக்கவில்லை.

உடன்படிக்கையின் மறைவு

எல்ஜின் இறந்து பதினாறு மாதங்களில், 1865 மார்ச்சில், அமெரிக்கா விலகல் அறிவித்தல் கொடுத்தது. பத்து ஆண்டுகள் முடிந்தவுடன், தாமதமே இல்லாமல். 1866 மார்ச் 17ஆம் தேதி உடன்படிக்கை காலாவதியானது.

காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. 1849இல் அமெரிக்காவுடன் இணையக் கோரிய அதே கால்ட், 1859இல் நிதியமைச்சராக, ஆலைப் பொருட்கள் மீதான தீர்வையை 20 சதவீதமாக உயர்த்தினார். அவை உடன்படிக்கையில் இல்லாத பொருட்கள், எனவே எழுத்தின்படி மீறல் இல்லை. ஆனால் அமெரிக்க ஆலை முதலாளிகள் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கருதினார்கள். 1864 அக்டோபரில் தென்மாநிலப் படையாட்கள் கனடாவிலிருந்து புறப்பட்டு வெர்மான்ட் மாநிலத்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரின் வங்கிகளைக் கொள்ளையடித்துத் திரும்பினர். மொன்றியல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தபோது வட அமெரிக்கா கொதித்தது.

இவை எல்லாம் உண்மையே. ஆயினும் அடிப்படைக் காரணம் 1854இன் வெற்றிக்குள்ளேயே இருந்தது என்று கருத இடமுண்டு. எல்ஜின் இரு எதிரெதிர் தரப்புகளை, எதிரெதிர் காரணங்களுக்காக, ஒரே தாளில் சம்மதிக்க வைத்தார். 1861இல் தென்மாநில செனட்டர்கள் வாஷிங்டனை விட்டு வெளியேறியபோது அந்தத் தாளைத் தாங்கிய இரு தூண்களில் ஒன்று போய்விட்டது. கனடா இணையவுமில்லை என்பதால் மற்றத் தூணும் பலமிழந்தது. தீர்வையை உயர்த்த விரும்பியவர்களே காங்கிரஸில் மிஞ்சினார்கள். உடன்படிக்கை நன்மை செய்ததா என்ற கேள்வி அங்கே பெரிதாக எழவே இல்லை. அதைக் காப்பாற்ற ஆள் இல்லை என்பதே முக்கியம்.

லொங்குய்யின் பெருமை அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1859 டிசம்பரில் விக்டோரியா பாலத்தின் மீது வண்டிகள் ஓடத் தொடங்கியதும், சரக்கு நேராக மொன்றியலுக்குச் சென்றது.

சந்தை மூடப்பட்டதன் ஒரு விளைவு, பிரிந்து கிடந்த பிரிட்டிஷ் காலனிகள் ஒன்றையொன்று சந்தையாகக் கொள்ள முனைந்தது. 1867இல் கனடியக் கூட்டமைப்பு பிறந்ததற்கு இதுவும் ஒரு தூண்டுதல். அதன் முதல் நிதியமைச்சர், மீண்டும், கால்ட்.

பின்னர் வந்த முயற்சிகள் அனைத்தும் எல்ஜினின் நிழலில் நடந்தவையே. 1911இல் பிரதமர் வில்ஃப்ரிட் லோரியே அமெரிக்காவுடன் புதிய பரஸ்பர ஏற்பாட்டுக்கு இணங்கித் தேர்தலில் தோற்றார். 1988 தேர்தல் அதே கேள்வியில் நடந்தது, அம்முறை உடன்படிக்கையை ஆதரித்த தரப்பு வென்றது. கனடா-அமெரிக்க சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1989 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மெக்சிகோவையும் சேர்த்து அதன் வழிவந்த, 2020இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, 16 ஆண்டு ஆயுளுடன், ஆறாம் ஆண்டில் கூட்டு மீளாய்வு என்ற நிபந்தனையைக் கொண்டது. ஆறு மாத முன்னறிவித்தலுடன் விலகவும் அதில் இடமுண்டு. கால வரம்பை வற்புறுத்தியது அமெரிக்கத் தரப்பு. அந்த உடன்படிக்கை இருக்கையிலேயே 2025இன் தீர்வைகள் தேசியப் பாதுகாப்பு உள்ளிட்ட காரணங்கள் காட்டி விதிக்கப்பட்டன.

இதனால் கனடா வேறு சந்தைகளை நாடுகிறது, அவற்றில் இந்தியாவும் ஒன்று. இரு நாடுகளும் 2010இல் தொடங்கிய பேச்சுகள் நின்றும் நடந்தும் வந்து, 2023இல் சீக்கியச் செயற்பாட்டாளர் ஒருவரின் கொலையை ஒட்டிய இராஜதந்திர முறுகலின்போது முற்றாக நின்றன. 2025 நவம்பரில் ஜொஹானஸ்பர்க் ஜி-20 மாநாட்டில் இரு பிரதமர்களும் அவற்றை மீண்டும் தொடங்க இணங்கினர். 2030க்குள் வர்த்தகத்தை 5,000 கோடி டொலராக்குவது இலக்கு.

இந்தப் பேச்சுகளை உன்னிப்பாகக் கவனிப்பவர்களில் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பருப்பு விவசாயிகளும் அடங்குவர். இந்தியச் சமையலறைகளுக்குச் செல்லும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு அவர்கள் விளைவிப்பது. 2017 இறுதியில் இந்தியா தன் விவசாயிகளைக் காக்கவென்று பட்டாணி மீது 50 சதவீதமும், பருப்பு மீது 30 சதவீதமும் இறக்குமதித் தீர்வை விதித்தபோது, சரக்குக் கப்பல்கள் கடலில் இருந்தன. ஓராண்டு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் உடன்படிக்கை எதுவும் அவர்கள் கையில் அப்போது இருக்கவில்லை.